பழைய கம்ப்யூட்டருக்குப் பொருத்தம் பார்த்தல்

கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறவர்கள் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். ஒன்பது பொருந்தி ரஜ்ஜு ஒன்று தட்டிப் போனாலும் ஜோசியர் கையை விரித்து விடுவார். அந்தச் சாஸ்திரத்தைப் பற்றி நேயர்களிடையே பல அபிப்பிராயங்கள் இருக்கலாம். அந்த வழக்கை நாம் இந்தப் பகுதியில் எடுத்துக் கொள்ளப் போவதில்லை. ஆனால் யந்திரங்களின் உலகத்தில் பொருத்தம் என்பது கண்ணால் காணக்கூடியது. அங்குலக் கோலால் அளக்கக்கூடியது. அங்கே பொருத்தம் பாராமல் பலவந்தமாக முடிச்சுப் போட்டால் இரண்டு தரப்பும் கெட்டுப் போகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது.

இந்த வாரம் இதைப் பற்றி எழுதத் தூண்டியது காரைக்குடி நேயர் ஒருவரின் கடிதம். அவருடைய தகப்பனார் 1993-ஆம் வருஷத்தில் கடைக் கணக்குக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினாராம். ‘486’ என்று சொல்லப்படும் ஜாதியைச் சேர்ந்தது. கணக்கு எழுதியது போக மிகுந்த நேரத்தில் பெரியவர் அதிலே குடும்ப வரலாற்றை எழுதி வந்திருக்கிறார். ரங்கூனுக்கு யார் எந்த வருஷம் கப்பலேறினார், வீட்டில் எந்தப் பங்கு யாருக்கு வந்தது, எந்தக் கல்யாணத்துக்கு யார் யார் முறை செய்தார்கள் என்பதெல்லாம் அதிலே இருக்கிறது. பெரியவர் இப்போது இல்லை. யந்திரம் இரண்டாங்கட்டில் மழைச்சாரல் படும் மூலையில் கிடந்து, மேல் கூடு துருப்பிடித்து விட்டது. மகன் பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொரு கூடு வாங்கி வந்திருக்கிறார். மதர்போர்டு அதில் உட்காரவில்லை. கார்டு ஸ்லாட்டில் இறங்கவில்லை. மின்சாரச் செருகி அளவு ஒத்து வரவில்லை. “எடைக்குப் போட்டு விடுங்கள் என்கிறார்கள். வேறு வழி உண்டா?” என்று கேட்கிறார்.

உண்டு. ஆனால் கையில் திருப்புளியை எடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தாக வேண்டும்.

முதலில் டிஸ்க்கைக் கழற்றுக

கூடு போனால் வேறு கூடு கிடைக்கும். போர்டு போனாலும் இன்னொன்று தேடிப் பிடிக்கலாம். பெரியவர் எழுதியது இருப்பது ஹார்ட் டிஸ்க் ஒன்றிலேதான். ஆகையால் பரீக்ஷைகள் முடியும் வரையில் அதைக் கழற்றி, சுத்தமான துணியில் சுற்றி, ஆடாத அசையாத இடத்தில் வைத்து விட வேண்டும். யந்திரம் சரியாக ஓடுகிறதென்று தெரிந்த பிறகே அதைப் பூட்ட வேண்டும்.

“டிஸ்க்கை மட்டும் எடுத்துப் புதுக் கம்ப்யூட்டரில் மாட்டி விடலாகாதா?” என்று கேட்பீர்கள். யு.எஸ்.பி. வழியாகப் பழைய டிஸ்க்குகளைப் படிக்கும் இணைப்புக் கருவிகள் கடைகளில் கிடைப்பது மெய்தான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒவ்வொரு கட்டத்துக்கும் வரிசை எண் கொடுத்துக் கூப்பிடும் முறையில் வேலை செய்பவை. 1994-க்கு முற்பட்ட சிறிய டிஸ்க்குகள் பலவற்றுக்கு அந்தப் பாஷை தெரியாது. ‘இத்தனையாவது சிலிண்டர், இத்தனையாவது தலை, இத்தனையாவது செக்டார்’ என்று சொன்னால்தான் அவை பதில் சொல்லும். அந்தப் பாஷை பேசத் தெரிந்தவை பழைய யந்திரங்கள்தான். அதனாலேதான் பழைய கம்ப்யூட்டரை எழுப்பி நிறுத்துவது பொழுதுபோக்கு அல்ல என்று சொல்லுகிறோம். பல வீடுகளில், பூட்டிய பெட்டிக்குச் சாவி அது ஒன்றுதான்.

கூடும் போர்டும்

பொருத்தம் ஏன் தவறுகிறது? அளவுகள் மூன்று தலைமுறையாக மாறி வந்திருப்பதுதான் காரணம். ஐ.பி.எம். கம்பெனியார் 1981-இல் வெளியிட்ட ‘பி.சி.’யைப் பார்த்துத்தான் உலகமெங்கும் மற்றவர்கள் செய்யலானார்கள். அந்த முதல் யந்திரத்தில் கார்டுகளுக்கு ஐந்து ஸ்லாட்டுகள். ஒன்றுக்கொன்று ஒரு அங்குல இடைவெளி. 1983-இல் வந்த ‘எக்ஸ்.டி.’யில் எட்டு ஸ்லாட்டுகள். இடைவெளி சுமார் 0.8 அங்குலமாகக் குறுகியது. இரண்டும் ஒரே கம்பெனியின் சரக்கு. இரண்டு வருஷம்கூட வித்தியாசமில்லை. ஆயினும் தம்பியின் போர்டை அண்ணன் கூட்டில் வைத்தால், பின்பக்கத்து ஜன்னல்களுக்கு நேரே ஸ்லாட்டுகள் வரமாட்டா.

பிறகு 1984-இல் ‘ஏ.டி.’ வந்தது. அதைச் சுருக்கி, 8.5 அங்குல அகலமும் அதிகம் போனால் 13 அங்குல நீளமும் உள்ள ‘பேபி ஏ.டி.’ போர்டுகள் பெருகின. 1990-களின் முற்பாதியில் நம் நாட்டுக் கடைகளில் கோத்துக் கொடுத்த யந்திரங்களில் பெரும்பாலானவை இந்தப் பேபி வம்சத்தைச் சேர்ந்தவை. 1995-இல் இண்டெல் கம்பெனியார் ‘ஏ.டி.எக்ஸ்.’ என்ற புது அளவை வகுத்தார்கள். 12 அங்குலத்துக்கு 9.6 அங்குலம், ஏறக்குறைய பழைய போர்டைக் குறுக்கே திருப்பி வைத்தாற்போல.

இரண்டையும் ஒரே பார்வையில் இனம் காணலாம். யந்திரத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். போர்டிலிருந்து நேரே வெளியே எட்டிப் பார்ப்பது கட்டை விரல் பருமனுள்ள வட்டமான கீபோர்டுத் துவாரம் ஒன்று மட்டுமே என்றால் அது ஏ.டி. பலவகைத் துவாரங்கள் நீள் சதுரமான ஒரே ஜன்னலில் கூட்டமாக நின்றால் அது ஏ.டி.எக்ஸ்.

நம் நேயர் வாங்கி வந்த கூடு ஏ.டி.எக்ஸ். என்று கடிதத்திலிருந்து ஊகிக்கிறோம். அதற்காக மனம் தளர வேண்டாம். மாறுகாலத்தில் செய்த கூடுகள் பலவற்றில் இரண்டு அளவுக்கும் துவாரங்கள் போட்டிருப்பார்கள். ஒரு காகிதத்தின் மேல் போர்டை வைத்து, திருகாணித் துவாரங்களைப் பென்சிலால் குறித்துக் கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தைக் கூட்டின் தகட்டின் மேல் போட்டுப் பாருங்கள். கீபோர்டுத் துவாரம் பின்னே சரியாக வந்து, நாலு மூலையில் மூன்றாவது ஒத்திருந்தால் போர்டு உட்காரும். ஒத்திராத மூலைக்கு மின்சாரம் பாயாத பிளாஸ்டிக் தாங்கி ஒன்றை அடியிலே கொடுத்தால் போதும்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. போர்டு தகட்டைத் தொடாமல் இருப்பதற்காக அடியிலே பித்தளைத் தாங்கிகள் நிற்கும். முந்தைய போர்டுக்காக வைத்த தாங்கி ஒன்று, உங்கள் போர்டில் துவாரமே இல்லாத இடத்தில் நின்று கொண்டிருக்கலாம். அது அடிப்பக்கத்துச் செம்புக் கோடுகளில் முட்டினால் ஷார்ட் ஆகும். யந்திரம் பேசாமல் கிடக்கும், அல்லது புகையும். ஆகவே துவாரங்களை எண்ணுங்கள், தாங்கிகளை எண்ணுங்கள், இரண்டு கணக்கும் ஒத்த பிறகே போர்டை இறக்குங்கள். கணக்குப் பார்ப்பதில் காரைக்குடிக்காரர்களுக்கு நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

எதுவுமே ஒத்து வராவிட்டால்? அப்போதும் வழி இருக்கிறது. எழுதியதை மீட்பதற்குக் கூடே அவசியமில்லை. நன்றாக உலர்ந்த தேக்குப் பலகை ஒன்றின் மேல் போர்டைப் பரப்பி வைத்தே ஓட்டலாம். செட்டிநாட்டு வீட்டில் உலர்ந்த தேக்குப் பலகைக்குப் பஞ்சம் இராது.

மரைப் பொருத்தம்

திருகாணி எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் கம்ப்யூட்டரில் இரண்டு குலத்துத் திருகாணிகள் கலந்து வாழ்கின்றன. ஒன்று அமெரிக்க அளவு; சுமார் 3.5 மில்லிமீட்டர் பருமன், அங்குலத்துக்கு 32 மரை. மற்றொன்று மெட்ரிக் அளவு. 3 மில்லிமீட்டர் பருமன், அரை மில்லிமீட்டருக்கு ஒரு மரை. கூட்டின் மூடிக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் முன்னது. பிளாப்பி டிரைவுக்கும் சி.டி. டிரைவுக்கும் பின்னது. தடித்ததை மெல்லிய துவாரத்தில் முடுக்கினால் மரை அழிந்து போகும். மெல்லியதைத் தடித்த துவாரத்தில் விட்டால் பிடிப்பில்லாமல் வழவழவென்று சுற்றும்.

தச்சுப் பட்டறையிலும் மோட்டார் பட்டறையிலும் அனுபவசாலிகள் கையாளும் உபாயம் ஒன்றைச் சொல்லுகிறோம். திருகாணியைத் துவாரத்தில் வைத்து முதலில் இடப்பக்கமாக, கழற்றுகிற திசையில், மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் ‘டக்’கென்று மரை மரையில் விழுவது விரலுக்குத் தெரியும். அதற்குப் பிறகு வலப்பக்கம் திருப்புங்கள். முதல் இரண்டு சுற்றும் விரலாலேயே போக வேண்டும். போகாவிட்டால் அது வேற்றுக் குலத்துத் திருகாணி, விட்டு விடுங்கள். திருப்புளி கடைசிக் கால் சுற்றுக்குத்தான்.

நீளத்திலும் கவனம் தேவை. ஹார்ட் டிஸ்க்கின் பக்கவாட்டில் நீண்ட திருகாணியை ஏற்றினால், அது உள்ளே சென்று சர்க்யூட்டைக் குத்தி விடக்கூடும். டிஸ்க்கோடு வந்த திருகாணியையே டிஸ்க்குக்கு வைப்பது உத்தமம். கழற்றும்போதே எந்தத் திருகாணி எந்த இடத்தது என்று தனித்தனிச் சம்புடத்தில் போட்டுச் சீட்டு எழுதி வைத்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் பாதி இல்லை.

கார்டு இறங்காவிட்டால்

கார்டு ஸ்லாட்டில் இறங்காமல் அடம் பிடித்தால் நம்மில் பலர் செய்வது அழுத்துவது, இன்னும் அழுத்துவது. ‘அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்ற பழமொழி அம்மிக்குப் பொருந்தும், மதர்போர்டுக்குப் பொருந்தாது. போர்டு வளைந்தால் கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்று உள்ளே விரிசல் கண்டு போகும். ஆகையால் இறங்காததன் காரணத்தைக் கண்டறிய வேண்டும். காரணங்கள் பெரும்பாலும் மூன்று.

முதலாவது, ஜாதி வித்தியாசம். ஐ.எஸ்.ஏ. என்னும் பழைய ஸ்லாட்டில் இரண்டு வகை. 62 தொடுமுனைகள் உள்ள குட்டை ஸ்லாட் ஒன்று. அதோடு இன்னும் 36 முனைகள் சேர்ந்த நீள ஸ்லாட் மற்றொன்று. குட்டைக் கார்டு நீள ஸ்லாட்டிலும் வேலை செய்யும் என்று புஸ்தகங்கள் சொல்லும், அது உண்மையே. ஆனால் பழைய குட்டைக் கார்டுகள் சிலவற்றில், செருகும் விளிம்புக்கு அப்பாலுள்ள பகுதி பாவாடைபோலக் கீழே தொங்கிக் கொண்டிருக்கும். நீள ஸ்லாட்டின் இரண்டாவது துண்டில் அந்தப் பாவாடை இடிக்கும். அப்படிப்பட்ட கார்டைக் குட்டை ஸ்லாட்டில்தான் வைக்க வேண்டும்.

இரண்டாவது, பின்பக்கத்துத் தகடு. கார்டின் முனையில் மடித்த இரும்புத் தகடு ஒன்று உண்டு. அதன் அடி நாக்கு, கூட்டுக்கும் போர்டுக்கும் நடுவிலுள்ள சந்தில் இறங்க வேண்டும். நாக்கு சற்று வளைந்திருந்தால் போர்டின் விளிம்பில் முட்டி நின்று விடும். குறட்டால் நாக்கை நிமிர்த்தினால் கார்டு வழுக்கிக் கொண்டு இறங்கும்.

மூன்றாவதுதான் அதிகமாகக் காணப்படுவது. அதிகமாக ஏமாற்றுவதும் அதுவே. கார்டு இறங்கி விட்டது. ஆனால் தகட்டுத் திருகாணியை முடுக்கியவுடன் கார்டின் மறு முனை மேலே எழும்புகிறது. யந்திரம் ஒரு நாள் ஓடுகிறது, மறுநாள் ஓடுவதில்லை. காரணம், போர்டு ஒரு மில்லிமீட்டர் தள்ளியோ தாழ்ந்தோ உட்கார்ந்திருக்கிறது.

இதற்குப் பரிகாரம் நம் தச்சர்களிடம் இருக்கிறது. செட்டிநாட்டு நிலைக் கதவைப் பூட்டும் தச்சர், கீலை ஒரேயடியாக முடுக்கி விட்டுக் கதவோடு மல்லுக்கட்ட மாட்டார். திருகாணிகளைப் பாதி ஏற்றி நிறுத்துவார். கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார். நிலையோடு கதவு இசைந்த பிறகே முடுக்குவார். அதே முறைதான் இங்கேயும். போர்டின் திருகாணிகளைத் தளர்வாக வையுங்கள். கார்டுகளைச் செருகித் தகட்டுத் திருகாணிகளைப் போடுங்கள். கார்டுகளே போர்டைத் தக்க இடத்துக்கு இழுத்துக் கொள்ளும். கடைசியில் போர்டை முடுக்குங்கள். உயரம்தான் குறை என்றால் தாங்கியின் மேல் மெல்லிய வாஷர் ஒன்று போடலாம்.

ரேம் அட்டைகளுக்கும் ஒரு சொல். அவற்றைச் செங்குத்தாக அழுத்தக் கூடாது; சாய்த்துச் செருகிப் பிறகு நிமிர்த்த வேண்டும். முப்பது வருஷத்துப் பிளாஸ்டிக் கொக்கிகள் அப்பளம்போல முறியும். எண்ணிக்கையிலும் பொருத்தம் உண்டு. 30 முனை அட்டை ஒன்று 8 பிட் அகலம். 486 கேட்பது 32 பிட் அகலம். ஆகையால் நான்கு நான்காகவே போட வேண்டும். மூன்றைப் போட்டு விட்டு யந்திரம் கெட்டது என்று அழைத்துச் செல்பவர்கள் உண்டு. 72 முனை அட்டையாயின் 486-க்கு ஒன்றே போதும்.

மின்சாரத்தில் விளையாட்டு இல்லை

இதுவரை சொன்னவற்றில் தவறினால் பொருள் கெடும். இனிச் சொல்லப் போவதில் தவறினால் ஆளே கெடலாம்.

பழைய ஏ.டி. கூட்டின் முன்பக்கத்துப் பொத்தானில் ஓடுவது வீட்டு மின்சாரம். முழு 230 வோல்ட். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து தடித்த கம்பிகள் நான்கு அந்தப் பொத்தானுக்கு வருகின்றன. அவற்றை மாற்றிப் பூட்டினால் நேரே ஷார்ட். கழற்றுவதற்கு முன் எந்த நிறம் எந்த முனை என்று படம் பிடித்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இதில் வெட்கத்துக்கு இடமில்லை. பலகையின் மேல் வைத்து ஓட்டுவோர் அந்தப் பொத்தானின் முனைகளைத் திறந்தபடி விடவே கூடாது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் மூடியையும் திறக்கக் கூடாது. செருகியைப் பிடுங்கிய பின்னும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.

ஏ.டி.எக்ஸ். கூட்டின் பொத்தானோ வேறு வகை. அது தொட்டு விட்டால் விடுபடும் சிறு பொத்தான். மிகத் தாழ்ந்த வோல்ட்டுக்குச் செய்தது. அதில் 230 வோல்ட்டை விடுவது தற்கொலைக்குச் சமானம். ஆகையால் நம் நேயர் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் அதன் பொத்தானையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையேல் புது எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பழைய போர்டுக்கு இணைக்கும் மாற்றுக் கேபிள் வாங்க வேண்டும்.

பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து போர்டுக்கு வரும் செருகிகள் இரண்டு. பி-8, பி-9 என்று பெயர். ஒவ்வொன்றிலும் ஆறு கம்பி. இவை இரட்டைப் பிள்ளைகள்போல ஒத்திருக்கும். இடம் மாற்றிச் செருகினாலும் இறங்கி விடும்; இறங்கியதும் போர்டு எரியும். நினைவில் வைக்க வேண்டிய சூத்திரம் ஒன்றுதான்: கறுப்புக் கம்பிகள் நடுவிலே ஒன்றை ஒன்று பார்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று. வெளிநாட்டு உறவினர் கொண்டு வந்த யந்திரமாயின், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறத்தில் 115, 230 என்று எழுதிய சிறு தள்ளுவிசை இருக்கிறதா என்று பாருங்கள். 115-இல் நிற்கும்போது நம் ஊர் மின்சாரத்தை விட்டால் அது பிழைக்காது.

களிம்பும் காரமும்

எல்லாம் ஒத்தும் யந்திரம் பேசாவிட்டால், போர்டில் உள்ள மின்கலத்தைப் பாருங்கள். அக்காலத்துப் போர்டுகளில் சிறு பீப்பாய் வடிவில், நீல உறை போட்ட நிக்கல்-காட்மியம் மின்கலம் ஒன்றை வைத்து ஈயத்தால் பற்ற வைத்திருப்பார்கள். வருஷங்கள் சென்றால் அது கசியும். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதே அடையாளம். அந்தக் கசிவு செம்புக் கோட்டை அரிக்கும். ஸ்லாட்டின் தொடுமுனைகளைக் கறுக்கச் செய்யும்.

இங்கே பலர் செய்யும் தவறு, மோட்டார் பாட்டரிக்குச் செய்வதைப்போல ஆப்ப சோடாவைத் தடவுவது. மோட்டார் பாட்டரியில் இருப்பது அமிலம். அதற்குச் சோடா சரி. இந்த மின்கலத்தில் இருப்பதோ பொட்டாசியம் ஹைடிராக்சைடு என்னும் காரம். காரத்துக்கு மாற்று அமிலம். மின்கலத்தை வெட்டி எடுத்து விட்டு, வினிகர் அல்லது எலுமிச்சம்பழச் சாற்றைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தடவித் தேய்க்க வேண்டும். பிறகு காய்ச்சி வடித்த நீரால் கழுவி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, நிழலில் இரண்டு நாள் உலர்த்த வேண்டும். புதிதாக வைப்பது சாதாரண லித்தியம் நாணய மின்கலமாயின், போர்டு அதற்குள் மின்சாரத்தைத் திருப்பி ஏற்றாதபடி ஒரு டையோடு சேர்க்க வேண்டும். இது தெரிந்தவர் கையால் செய்யத் தக்கது.

தொடுமுனைகளிலும் பொருத்தம் உண்டு. ரேம் அட்டையின் விளிம்பு பொன் முலாம், சாக்கெட் வெள்ளீய முலாம் என்று கலந்து விட்டால், நுண்ணிய அசைவில் வெள்ளீயம் பொன்னின் மேல் ஒட்டித் துருவாகும்; தொடர்பு விட்டு விட்டு வரும். பொன்னுக்குப் பொன், வெள்ளீயத்துக்கு வெள்ளீயம் என்று வைப்பதே நீடித்து நிற்கும். வெயில் கடுமையான ஊரில் சூடேறி ஆறி ஏறி ஆறி, சாக்கெட்டில் செருகிய சில்லுகள் மெல்ல மேலே எழும்புவதும் உண்டு. ஒவ்வொன்றையும் விரலால் ஒரு முறை அமுக்கி விட்டால் இறந்ததென்று நினைத்த யந்திரம் எழுந்து உட்காரும். அதற்கு முன் எர்த் ஆன இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கி விட வேண்டும்.

மின்கலமும் உலோக அரிப்பும் காரைக்குடிக்குப் புதிய பாடங்கள் அல்ல. அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லக்ஷம் ரூபாயும் கொடுத்து, 1948-ஆம் வருஷம் ஜூலை 25-இல் ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. 1953 பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். உலோகம் ஏன் அரிக்கிறது, மின்கலம் எப்படி நடக்கிறது என்பவை அங்கே அன்றாட ஆராய்ச்சி விஷயங்கள். வீட்டு மூலையில் பச்சை பூத்த போர்டும் அதே சாஸ்திரத்தின் சிறு பாடந்தான்.

டிஸ்க்கின் ஜாதகம்

இப்போது டிஸ்க்கை எடுக்கலாம். பட்டைக் கேபிளின் ஓரத்திலுள்ள சிவப்புக் கோடு முதலாவது முனைக்கு நேரே வர வேண்டும். பிளாப்பி டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்து கொண்டே இருந்தால் அதன் கேபிள் தலைகீழாக இருக்கிறதென்று அர்த்தம்.

மின்கலம் செத்த யந்திரம் தன் டிஸ்க்கின் அளவையே மறந்திருக்கும். டிஸ்க்கின் மேல் ஒட்டிய சீட்டில் சிலிண்டர் இத்தனை, தலை இத்தனை, செக்டார் இத்தனை என்று எழுதியிருக்கும். அதுவே அதன் ஜாதகம். முன்பு எந்த எண்களோடு எழுதப்பட்டதோ அதே எண்களைக் கொடுத்தால்தான் எழுத்து தெரியும். தெரியாவிட்டால் எண்ணைச் சரிபாருங்கள். ‘பார்மட் செய்யட்டுமா?’ என்று யந்திரம் எத்தனை தடவை கேட்டாலும் ‘வேண்டாம்’ என்பதே பதில்.

டிஸ்க் திறந்தவுடன் படித்து மகிழ உட்கார வேண்டாம். முதலில் பிரதி எடுங்கள். வெறும் எழுத்து அதிக இடம் பிடிக்காது. 1.44 மெகாபைட் கொள்ளும் பிளாப்பி ஒன்றில் பெரிய புஸ்தகமே அடங்கும். அந்தப் பிளாப்பியைப் படிக்கும் யு.எஸ்.பி. டிரைவைப் புதுக் கம்ப்யூட்டரில் மாட்டலாம். இரண்டு பிளாப்பிகளில் இரண்டு பிரதி எடுப்பது விவேகம்.

கடைசிப் பொருத்தம் எழுத்துப் பொருத்தம். யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழுக்கு ஒவ்வொரு எழுத்துருக்காரரும் ஒவ்வொரு குறிமுறை வைத்திருந்தார்கள். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல்தான். ஆகவே பெரியவரின் பத்திரம் புதுக் கம்ப்யூட்டரில் பொருளற்ற குறிகளாகத் தெரியலாம். பயப்படாதீர்கள், எழுத்து அழியவில்லை. அவர் உபயோகித்த எழுத்துருவின் கோப்பும் அதே டிஸ்க்கில் இருக்கும். அதையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். எழுத்துருவின் பெயர் தெரிந்தால் யூனிகோடாக மாற்றுவதற்குச் சாதனங்கள் உண்டு. எழுத்துருவை விட்டு விட்டு எழுத்தை மட்டும் எடுப்பது, சாவியை விட்டு விட்டுப் பெட்டியைத் தூக்கி வருவதாகும்.

எடைக்குப் போகிறவை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பர்மாத் தேக்குத் தூண்களும், சித்திர நிலைகளும், பித்தளைப் பாத்திரங்களும், எனாமல் தூக்குகளும் அங்கே விலைக்கு நிற்கின்றன. தூண் ஒரு தேசம் போகிறது. அதன் போதிகை வேறு தேசம் போகிறது. பிரிந்த பின் அவற்றை யாராலும் ஒன்று சேர்க்க முடியாது. கம்ப்யூட்டர்களின் கதியும் இதுவே. கூடு ஒரு கடைக்கும், போர்டு இன்னொரு கடைக்கும், டிஸ்க் உருக்குமிடத்துக்கும் போய் விட்டால், அப்புறம் பொருத்தம் பார்க்க ஜோடியே கிடையாது.

காரைக்குடிக்கு அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். மற்றவர்கள் எடைக்குப் போட்ட தமிழ்ப் புஸ்தகங்களையும் பத்திரிகைகளையும் நோட்டீசுகளையும் அவர் ஆயிரமாயிரமாகச் சேர்த்தார். 1992-இல் அவர் காலமான பிறகு சிக்காகோ சர்வகலாசாலையார் அந்தச் சேகரிப்பை வாங்கினார்கள். இன்று சென்னையில் அவர் பெயரால் நடக்கும் ஆராய்ச்சி நூலகத்துக்கு அதுவே ஆதாரம். காகிதத்தில் இருந்தவற்றை ஒருவர் காப்பாற்றினார். டிஸ்க்கில் இருப்பவற்றை அந்தந்த வீட்டார்தான் காப்பாற்ற வேண்டும்; வெளியார் கண்ணுக்கு அதில் என்ன இருக்கிறதென்றே தெரியாது.

ஆகையால் நேயர்களுக்கு நாம் சொல்லுவது இது: வீட்டிலே பழைய யந்திரம் இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் போர்டின் மின்கலத்தை மட்டுமாவது வெட்டி எடுத்து விடுங்கள். திருகாணி, கேபிள், பிளாப்பி, கையேடு எல்லாவற்றையும் கூட்டோடு சேர்த்து ஒரே பெட்டியில் வைத்துக் கட்டுங்கள். மேலே யாருடையது, எந்த வருஷத்தது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். பிரதி எடுப்பது அடுத்த லீவு நாளில் ஆகட்டும். அதற்கு அப்பால் தள்ளிப் போட வேண்டாம்.

அடுத்த வாரம், பழைய தையல் யந்திரத்தில் நூல் அடிக்கடி அறுவதன் காரணங்களைக் கவனிப்போம்.